மினசோட்டாவின் ஏழாம் தொகுதி: ஒரு விவசாய மண்ணின் நூறாண்டு அரசியலைப் படித்த அனுபவம்

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு மினசோட்டா மாநிலத்திலிருந்து எட்டுப் பேர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அவர்களுடைய தொகுதிகளுள் ஏழாம் தொகுதி மாநிலத்தின் மேற்கு விளிம்பில் பெரும்பகுதி நீண்டு, வடக்கே கனடா எல்லை வரை செல்கிறது. தெற்குப் பகுதியில் மக்காச்சோளமும் சோயாவும், வடக்கே ரெட் ரிவர் பள்ளத்தாக்கில் கோதுமையும் சர்க்கரை பீட்டும் விளைகின்றன. மண்வள ஆய்வு வேலைக்காக மோரிஸ் என்ற சிற்றூரில் குடியேறிய நான், அந்த வேலையின் பொருட்டே இத்தொகுதியின் பல மாவட்டங்களில் விவசாயிகளின் வீட்டுக் கூடங்களில் அமர்ந்து பேசும் வாய்ப்பைப் பெற்றேன். 2016இல் இந்தத் தொகுதி டொனால்ட் டிரம்புக்கு ஏறத்தாழ 30 சதவீதப் புள்ளிகள் முன்னிலை தந்தது. அதே நாளில், அதே மக்கள், ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த காலின் பீட்டர்சனை மீண்டும் தங்கள் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். இது எப்படி நடந்தது என்று கேட்டால், அவர் நல்ல மனிதர், நம்மில் ஒருவர் என்ற பதில்தான் எல்லா இடத்திலும் கிடைத்தது. அது உண்மைதான், ஆனாலும் போதுமான விளக்கமாக எனக்குப் படவில்லை. அதனால் குளிர்கால மாலைகளில் பழைய செய்தித்தாள்களையும் தேர்தல் முடிவுகளையும் படிக்கத் தொடங்கினேன். அந்தப் படிப்பில் நான் கண்டதையும், இதுபோல் தாங்கள் வாழும் தொகுதியின் வரலாற்றைப் படிக்க விரும்புவோருக்கு உதவக்கூடிய சில வழிமுறைகளையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது எல்லை. ஏழாம் தொகுதி என்ற பெயர் நூறாண்டுக்கும் மேலாக இருந்து வருகிறது என்றாலும், அது குறிக்கும் நிலம் பலமுறை மாறியிருக்கிறது. மினசோட்டாவுக்கு ஒரு காலத்தில் 10 இடங்கள் இருந்தன. 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்குப் பின் அது 9 ஆனது, 1963 முதல் 8 ஆனது. இடையில் 1932 தேர்தலில் தொகுதிகளே இல்லை. மறுவரையறைச் சட்டத்தை ஆளுநர் ஃபிளாய்ட் ஓல்சன் நிராகரித்தது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், ஒன்பது பேரும் மாநிலம் முழுவதிலுமிருந்து பொதுவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். இன்றைய ஏழாம் தொகுதியில் இரண்டு பழைய தொகுதிகளின் நிலம் கலந்திருக்கிறது. ஒன்று கிரானைட் ஃபால்ஸ், பென்சன், டைலர் ஆகிய ஊர்களைக் கொண்ட பழைய ஏழாம் தொகுதி, மற்றொன்று வடமேற்கு மூலையில் இருந்து 1963இல் மறைந்த ஒன்பதாம் தொகுதி. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு உறுப்பினர் பட்டியலை வரிசையாகப் படித்தால், வடமேற்கின் வரலாறு முழுவதும் விடுபட்டுப்போகும். ஆகவே, ஒரு மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அது ஒவ்வொரு பத்தாண்டிலும் எந்தத் தொகுதியில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதன் பிறகே பெயர்களைத் தேடுவது நல்லது. மாநிலச் சட்டமன்ற நூலகத்தில் பழைய வரைபடங்கள் கிடைக்கின்றன.

தெற்குப் பகுதியின் கதையை ஆண்ட்ரூ வால்ஸ்டெட்டிலிருந்து தொடங்குவதே பொருத்தம். கிரானைட் ஃபால்ஸைச் சேர்ந்த வழக்கறிஞரான அவர் 1903 முதல் 1923 வரை குடியரசுக் கட்சி உறுப்பினராக இருந்தார். 1919ஆம் ஆண்டு மதுவிலக்கு அமலாக்கச் சட்டம் அவர் பெயரால் அழைக்கப்படுவதால், உலகம் அவரை அதற்காகவே நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் என்னோடு பேசிய முதிய விவசாயிகள் சிலருக்கு அவர் வேறொரு சட்டத்தின் மனிதர். விவசாயிகள் ஒன்றுசேர்ந்து தங்கள் விளைச்சலைக் கூட்டாக விற்பது ஏகபோகத் தடைச் சட்டத்தின்படி குற்றமாகக் கருதப்படும் அபாயம் அன்று இருந்தது. 1922 பிப்ரவரியில் நிறைவேறிய கேப்பர்–வால்ஸ்டெட் சட்டம் அந்த அபாயத்தை நீக்கியது. இன்று இந்தத் தொகுதியில் பால், தானியம், சர்க்கரை என எதைத் தொட்டாலும் ஒரு கூட்டுறவு நிறுவனம் நிற்கிறது என்றால், அதற்குச் சட்ட அடித்தளம் இந்தச் சட்டம்தான். கிரானைட் ஃபால்ஸில் அவர் வாழ்ந்த வீடு தேசிய வரலாற்றுச் சின்னமாக இருக்கிறது. கூட்டுறவு இயக்கத்தில் அக்கறை உள்ள எவரும் அந்தப் பக்கம் போனால் அவசியம் பார்க்க வேண்டும்.

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அதே ஆண்டில் வால்ஸ்டெட் தோற்றார். மதுவிலக்கால் தோற்றார் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அவரைத் தோற்கடித்த ஓலே குவாலே, பென்சன் நகரத்தின் லூத்தரன் போதகர், அவரும் மதுவிலக்கை ஆதரித்தவர் என்பதைக் கவனித்தால் அந்த விளக்கம் நிற்காது. முதல் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் கோதுமை விலை சரிந்தது. கடன் வாங்கி நிலம் வாங்கியவர்கள் தவித்தார்கள். தானியத்தின் தரத்தை நிர்ணயிப்பதும் எடையில் கழிவு பிடிப்பதும் மினியாபொலிஸ் வணிகர்களின் கையில் இருந்தன, சரக்குக் கட்டணம் ரயில் நிறுவனங்களின் கையில் இருந்தது. 1915இல் பக்கத்து வட டகோட்டாவில் ஏ.சி. டவுன்லி தொடங்கிய கட்சிசாராக் கழகம் இந்தக் கோபத்தை அமைப்பாக்கி, அரசே தானியக் கிடங்கும் மாவு ஆலையும் வங்கியும் நடத்த வேண்டும் என்று கோரியது. குவாலே 1920இல் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலிலேயே வால்ஸ்டெட்டை வென்றார். ஆனால் வால்ஸ்டெட் நாத்திகர் என்று பிரசாரம் செய்தது தேர்தல் சட்டத்துக்கு விரோதமானது என்று நீதிமன்றம் அந்த வெற்றியைச் செல்லாததாக்கியது. இரண்டாண்டு கழித்து குவாலே சுயேச்சையாகப் போட்டியிட்டு வென்று, பின்னர் விவசாயி–தொழிலாளர் கட்சியின் உறுப்பினராக அமர்ந்தார். 1929இல் ஒரு தீவிபத்தில் அவர் இறந்தபோது, மகன் பால் குவாலே அந்த இடத்துக்கு வந்தார்.

இங்கே என் கருத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். குடியரசுக் கட்சி, விவசாயி–தொழிலாளர் கட்சி, ஜனநாயகக் கட்சி என்று பெயர்களை மட்டும் வரிசையாக எழுதினால், இந்த மக்கள் நிலையில்லாமல் மாறி மாறி வாக்களித்தவர்கள் போலத் தோன்றும். விளைபொருள் விலையையும் அடமானக் கடனையும் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் தோற்றமே மாறிவிடுகிறது. நான் பழைய வார இதழ்களைப் படிக்கும்போது அரசியல் செய்திக்கு முன்பாகச் சந்தை விலைப் பத்தியைப் படிக்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். உள்ளூர் கிடங்கில் அந்த வாரம் கோதுமைக்கும் ஆளி விதைக்கும் முட்டைக்கும் வெண்ணெய்க் கொழுப்புக்கும் என்ன விலை தந்தார்கள் என்பது பல இதழ்களில் சிறு பெட்டியாக அச்சாகியிருக்கும். அதற்கடுத்து, சட்ட அறிவிப்புகள் வரும் பக்கத்தில் எத்தனை பண்ணைகள் ஏலத்துக்கு வருகின்றன என்று பார்ப்பேன். இந்த இரண்டையும் பார்த்த பிறகு தலையங்கத்தைப் படித்தால், எழுதியவர் யாருக்குப் பயந்து எழுதுகிறார், யாருக்காக எழுதுகிறார் என்பது தெளிவாகத் தெரியும். மினசோட்டா வரலாற்றுச் சங்கத்தின் இணையச் செய்தித்தாள் காப்பகத்தில் இவற்றில் பலவற்றை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம். அதில் இல்லாதவை மாவட்ட வரலாற்றுச் சங்கங்களின் நுண்படச் சுருள்களில் கிடைக்கும்.

1930களின் ஏல அறிவிப்புகளைப் படித்தவர்களுக்கு, விவசாயிகள் விளைச்சலைச் சந்தைக்கு அனுப்பாமல் நிறுத்திய போராட்டம் ஏன் மேற்கு மினசோட்டாவில் வேர்பிடித்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1933இல் மாநில அரசு கொண்டுவந்த அடமான மீட்புக் கால நீட்டிப்புச் சட்டத்தை மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. 1944இல் விவசாயி–தொழிலாளர் கட்சி ஜனநாயகக் கட்சியோடு இணைந்தது. இன்றும் அக்கட்சிக்கு மினசோட்டாவில் ஜனநாயக–விவசாயி–தொழிலாளர் கட்சி என்றே பெயர். தெற்கில் 1939 முதல் 1963 வரை ஹெச். கார்ல் ஆண்டர்சன் என்ற குடியரசுக் கட்சிக்காரர் நீடித்தார்.

வடமேற்கின் கதையில் என்னை நெடுநாள் பிடித்து நிறுத்தியவர் கோயா நூட்சன். ஓக்லி என்ற மிகச் சிறிய ஊரில் ஆசிரியராக இருந்து, மாநிலச் சட்டமன்றத்துக்குச் சென்று, 1954இல் அவருடைய ஜனநாயக–விவசாயி–தொழிலாளர் கட்சியின் மாநாடு வேறொருவரை ஆதரித்தும் கேளாமல் போட்டியிட்டவர். அக்கார்டியன் வாசித்துப் பாடி, பண்ணை பண்ணையாகக் காரில் சென்று வாக்குக் கேட்டு, பதவியிலிருந்த ஹரால்ட் ஹேகனைத் தோற்கடித்தார். மினசோட்டாவிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண் அவரே. பிரதிநிதிகள் சபையின் விவசாயக் குழுவில் இடம்பெற்ற முதல் பெண்ணும் அவரே. ஏழை மாணவர்களுக்கு மத்திய அரசு கல்விக் கடன் தர வேண்டும் என்று தொடர்ந்து வாதாடினார், 1958ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் அது இடம்பெற்றது. இன்று அமெரிக்காவில் கூட்டரசின் கல்விக் கடனில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

1956இல் குடியரசுத் தலைவர் வேட்பாளருக்கான உட்கட்சித் தேர்தலில் மாநிலக் கட்சித் தலைமை அட்லாய் ஸ்டீவன்சனை ஆதரித்தபோது, கோயா எஸ்டஸ் கீஃபாவருக்காக உழைத்தார். கீஃபாவர் மினசோட்டாவில் வென்றார். தலைமை இதை மன்னிக்கவில்லை. 1958 மே மாதத்தில், வீட்டுக்குத் திரும்பி வா என்று அவருடைய கணவர் ஆண்டி எழுதியதாக ஒரு கடிதம் பத்திரிகைகளுக்குத் தரப்பட்டது, நாடெங்கும் தலைப்புச் செய்தியானது. அதை எழுதியது கணவர் அல்ல, கட்சிக்குள்ளிருந்த எதிரிகள் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பதே வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட முடிவு. அந்த நவம்பரில் குடியரசுக் கட்சியின் ஓடின் லேங்கனிடம் சுமார் 1,400 வாக்குகளில் அவர் தோற்றார். நாடு முழுவதும் ஜனநாயகக் கட்சி பெருவெற்றி பெற்ற அந்த ஆண்டில், பதவியிலிருந்து தோற்ற ஒரே ஜனநாயகக் கட்சி உறுப்பினர் அவர்தான். மினசோட்டா அடுத்த பெண்ணைப் பிரதிநிதிகள் சபைக்கு அனுப்ப 2000ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த நிகழ்வைப் படிப்பவர்களுக்கு நான் சொல்வது, மே மாதச் செய்திகளோடு நின்றுவிடாதீர்கள் என்பதே. வெளியூர்ப் பத்திரிகைகள் கடிதத்தைப் பற்றி மட்டும் எழுதின. தேர்தலுக்கு முந்தைய வாரங்களின் உள்ளூர் இதழ்களில் வாசகர் கடிதங்களையும் பணம் கட்டி வெளியிட்ட விளம்பரங்களையும் பார்க்க வேண்டும். லேங்கன் தரப்பின் விளம்பர வாசகம், ஆண்மகனுக்கான வேலைக்கு ஒரு பெரிய மனிதர் என்ற பொருளில் அமைந்திருந்தது. அதை அந்தக் கடிதத்தோடு சேர்த்துப் படிக்கும்போதுதான், ஒரு பெண்ணின் குடும்ப வாழ்க்கை எவ்வளவு திட்டமிட்டு அரசியல் பொருளாக்கப்பட்டது என்பது விளங்கும். இதைப் பற்றி அங்குள்ள மூத்தவர்களிடம் கேட்கும்போது, கோயாவைப் பற்றி நேராகக் கேட்காமல் அவர்களுடைய தாயார் அந்த ஆண்டு யாருக்கு வாக்களித்தார் என்று கேட்டால் மனம் திறந்து பேசுகிறார்கள். அப்படிக் கேட்டபோது ஒரு மூதாட்டி, தாயும் தந்தையும் அந்தத் தேர்தலில் ஒரே காரில் சென்று எதிரெதிராக வாக்களித்ததையும், திரும்பும் வழியில் ஒருவரோடொருவர் பேசவில்லை என்பதையும் நினைவுகூர்ந்தார்.

லேங்கனை 1970இல் வென்றவர் ரோசோ பகுதி விவசாயியான பாப் பெர்க்லண்ட். 1977இல் ஜிம்மி கார்ட்டர் அவரைத் தமது விவசாயத் துறைச் செயலராக்கினார். அதனால் வந்த இடைத்தேர்தலில் குடியரசுக் கட்சியின் ஆர்லன் ஸ்டேஞ்லண்ட் வென்றார், அவரும் விவசாயி. 1980களின் பண்ணைக் கடன் நெருக்கடியில் தொகுதி மீண்டும் ஆட்டம் கண்டது. 1986இல் ஸ்டேஞ்லண்டிடம் வெறும் 121 வாக்குகளில் தோற்ற காலின் பீட்டர்சன், 1990இல் வென்று 30 ஆண்டுகள் நீடித்தார்.

பீட்டர்சனின் பலத்தைப் புரிந்துகொள்ள, அக்டோபர் மாதத்தில் ரெட் ரிவர் பள்ளத்தாக்கில் சில நாள் தங்கிப் பார்க்க வேண்டும். சர்க்கரை பீட் அறுவடை தொடங்கியதும் லாரிகள் இரவு பகலாக ஓடும், ஆசிரியர்களும் ஓய்வுபெற்றவர்களும்கூட விடுப்பெடுத்து லாரி ஓட்ட வருவார்கள், பனி உறைவதற்குள் கிழங்குகள் மலைபோல் குவிக்கப்பட்டுவிடும். அந்தக் கிழங்குகள் சேரும் அமெரிக்கன் கிரிஸ்டல் நிறுவனத்தை 1973இல் விவசாயிகளே வாங்கிக் கூட்டுறவாக்கினார்கள். ஆனால் அந்தத் தொழில் முழுவதும், இறக்குமதிச் சர்க்கரைக்கு மத்திய அரசு விதிக்கும் வரம்பையும் உள்நாட்டுச் சர்க்கரைக்குத் தரும் கடன் ஆதாரத்தையும் நம்பி நிற்கிறது. அந்தச் சட்டம் எழுதப்படும் இடம் பிரதிநிதிகள் சபையின் விவசாயக் குழு. பீட்டர்சன் அதன் தலைவராக 2007 முதல் 2011 வரையும், 2019 முதல் 2021 வரையும் இருந்தார். 2008ஆம் ஆண்டு விவசாய மசோதாவைக் குடியரசுத் தலைவர் புஷ் நிராகரித்தபோது, நாடாளுமன்றம் அதை மீறி நிறைவேற்றியது. பிற விவகாரங்களில் அவர் தம் கட்சியோடு நிற்காத நாட்கள் அதிகம். 2010இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை எதிர்த்தார், 2019இல் டிரம்பைப் பதவிநீக்கக் கோரிய இரண்டு குற்றச்சாட்டுகளையும் எதிர்த்து வாக்களித்த இரண்டே ஜனநாயகக் கட்சியினரில் ஒருவர் அவர். ஆகவே, கிராமப்புறத் தொகுதி ஒன்றைப் படிப்பவர்கள் உறுப்பினர் எந்தக் கட்சி என்பதற்கு இணையாக அவர் எந்தக் குழுவில் இருந்தார், அந்தக் குழு எந்தப் பயிரைக் காத்தது என்று பார்க்க வேண்டும்.

அந்தக் கூட்டணியிலும் விரிசல் இருந்தது. 2011 ஆகஸ்டில் அதே சர்க்கரைக் கூட்டுறவு தன் ஆலைகளில் சுமார் 1,300 தொழிலாளர்களை வெளியே நிறுத்திப் பூட்டியது, பூட்டு 2013 ஏப்ரல் வரை நீடித்தது. விவசாயியும் தொழிலாளியும் ஒரே கட்சியின் பெயரில் இணைந்திருந்த மண்ணில், விவசாயிகளுக்குச் சொந்தமான ஆலையே தொழிலாளர்களை வெளியேற்றியது. அந்த ஆலை ஊர்களில் ஜனநாயகக் கட்சி பின்னர் மெலிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

2016 தேர்தலுக்குப் பின் நான் செய்த பயனுள்ள காரியம், வாக்குகளின் மறுபரிசோதனையை நேரில் பார்த்தது. மினசோட்டாவில் ஒவ்வொரு மாவட்டமும் குலுக்கல் முறையில் குறைந்தது 2 வாக்குச்சாவடிகளைத் தேர்ந்தெடுத்து, இயந்திரம் எண்ணிய வாக்குகளைக் கையால் எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்பது சட்டம். அது பொதுமக்கள் முன்னிலையில் நடக்கும், யார் வேண்டுமானாலும் தள்ளி அமர்ந்து பார்க்கலாம். நீளமான மேசையில் முதலில் குடியரசுத் தலைவர் பதவிக்கான வாக்குகளைப் பிரித்து அடுக்கினார்கள். டிரம்புக்கான அடுக்கு மற்றதைவிட இருமடங்கு உயரத்துக்கு எழுந்தது. பிறகு அதே சீட்டுகளைப் பிரதிநிதிகள் சபைக்காகப் பிரிக்கத் தொடங்கினார்கள். அந்த உயரமான அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கப்பட்ட சீட்டுகளில் மூன்றில் ஒன்றுக்குக் குறையாமல் பீட்டர்சனின் பக்கம் போய்ச் சேர்ந்தன. புள்ளிவிவர அட்டவணையில் நான் பலமுறை பார்த்த செய்திதான், என்றாலும் மனிதக் கைகள் அந்தச் சீட்டுகளை இடம் மாற்றுவதைப் பார்க்கும்போது, ஒரே மனிதர் ஒரே பேனாவால் எடுத்த இரண்டு முடிவுகள் அவை என்பது உறைத்தது.

2020இல் அந்தப் பழக்கம் முடிந்தது. விவசாயக் குழுவின் தலைவராக இருந்தபோதே பீட்டர்சன், குடியரசுக் கட்சியின் மிஷெல் ஃபிஷ்பாக்கிடம் ஏறத்தாழ 13 புள்ளிகளில் தோற்றார். அவர் மாறவில்லை, சர்க்கரைச் சட்டமும் மாறவில்லை. என் பார்வையில் மாறியது, அந்தச் சட்டத்தால் நேரடியாக வாழும் குடும்பங்களின் பங்கு. பண்ணைகள் பெருத்து விவசாயிகள் குறைந்தார்கள். உள்ளூர் வார இதழ்கள் மெலிந்தன. தங்கள் பிரதிநிதி குழுவில் என்ன செய்தார் என்பதை எழுத ஆளில்லாத இடத்தில், நாடு முழுவதற்கும் பொதுவான தொலைக்காட்சிச் சண்டையே தேர்தல் பொருளாகிவிட்டது.

மக்களிடம் பேசுவது பற்றி ஒரு வார்த்தை. விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரை பேச நேரம் இருக்கும். மார்ச் மாத இரண்டாம் செவ்வாய்க்கிழமை டவுன்ஷிப் எனப்படும் ஒவ்வொரு சிறு ஊராட்சியிலும் ஆண்டுக் கூட்டம் நடக்கும். சாலைக்குச் சரளை கொட்ட எவ்வளவு வரி, எந்த மதகு உடைந்திருக்கிறது என்பவற்றை ஊரார் கூடி வாக்களித்து முடிவு செய்வார்கள். கட்சிப் பெயர் ஒருமுறைகூட ஒலிக்காத அந்தக் கூட்டத்தில் யார் பேச்சுக்கு மதிப்பு, யாருடைய குடும்பம் எந்தக் கூட்டுறவில் பொறுப்பு வகித்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

செய்தித்தாள்களிலும் வாக்குப் பட்டியல்களிலும் இல்லாதவர்களைத் தனியாகத் தேட வேண்டியிருக்கிறது. 1920களிலிருந்து டெக்சாஸிலிருந்து ஆண்டுதோறும் வந்து பீட் வயல்களில் களையெடுத்த மெக்சிக வம்சாவளிக் குடும்பங்கள், இந்தத் தொகுதியின் முக்கியமான பயிரை வளர்த்தும் இங்கே வாக்காளர்களாக இருந்ததில்லை. களைக்கொல்லியைத் தாங்கும் பீட் விதை 2008 வாக்கில் பரவியபோது அந்த வேலையும் பெரும்பாலும் மறைந்தது. வில்மரில் வாழும் சோமாலியக் குடும்பங்களின் அரசியலை நகர மன்ற, பள்ளி வாரியத் தேர்தல் முடிவுகளில்தான் காண முடிகிறது. வெள்ளை பூமி என்ற பொருள்படும் ஒயிட் எர்த் பழங்குடி நிலம் 1889, 1906ஆம் ஆண்டுச் சட்டங்களின் வழியாகப் பெருமளவு வெளியார் கைக்குப் போனது. நெடுங்காலம் ஏழாம் தொகுதியில் இருந்த அது, 2022இல் நீதிபதிகள் குழு வரைந்த புதிய வரைபடத்தில் ரெட் லேக், லீச் லேக் பழங்குடி நிலங்களோடு ஒன்றாக எட்டாம் தொகுதியில் வைக்கப்பட்டது. இனி ஏழாம் தொகுதியின் பழைய முடிவுகளையும் புதிய முடிவுகளையும் ஒப்பிடுபவர்கள், அங்குள்ள வாக்குச்சாவடிகளைக் கழித்துவிட்டே ஒப்பிட வேண்டும். மாநிலச் செயலர் அலுவலகம் வாக்குச்சாவடி வாரியான முடிவுகளை இலவசமாக வெளியிடுகிறது. இந்தக் குளிர்காலத்தில் நான் செய்துகொண்டிருப்பது அந்தக் கணக்கைத்தான்.